பெயர் தெரியா ஓவியனும் தேடுவோன் கடனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே தொண்டைமானாறு என்னும் ஊர் அமைந்துள்ளது. ஆறு என்று பெயர் பெற்றிருப்பினும் அங்குள்ளது மலையிற் பிறந்து சமவெளியில் இறங்கும் ஆறு அன்று. வடமராட்சியின் உட்புறமாக நீண்டு கிடக்கும் கடனீரேரி வடகடலைச் சந்திக்கும் வாயே அது. முதலாங் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனும், கலிங்கத்துப் பரணி புகழும் வீரனுமாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய்ப் பகுதியில் விளைந்த உப்பைக் கடல்வழியாகக் கொண்டுசெல்லும்பொருட்டு இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்றும், அதனாலேயே அவன் பெயர் நீருக்கும் ஊருக்கும் வழங்கலாயிற்று என்றும் ஐதிகம் கூறும். ஐதிகத்தின் வரலாற்று உண்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதன் அமைப்பே இங்கு நம் கவனத்துக்குரியது. வெட்டுவித்தவன் பெயர் நின்றது. வெட்டியவர் பெயர்களுள் ஒன்றேனும் நிற்கவில்லை. செய்வித்தவனையே செய்தவனாக நினைக்கும் வழக்கு நம் ஊர்ப் பெயர்களிலேயே படிந்து கிடக்கின்றது.

ஆயிரம் பேர் கூடி வெட்டிய கால்வாயில் ஒவ்வொருவரின் பெயரும் நிற்பது இயலாததொன்றாகலாம். ஆனால் ஒருவர் தனியே இருந்து, தம் கையாலே, எவருடைய ஏவலுமின்றிச் செய்த ஒரு பொருள் பெயரிழந்து நம் கைக்கு வந்து சேருமாயின், அவரைத் தேடும் கடமை நமக்கு உண்டா? உண்டெனின் அக்கடமை எதன்மேல் நிற்கின்றது? அது எங்கே முடிவடைகின்றது? இவ்வினாக்கள் அழகியலைச் சார்ந்தவைபோலத் தோன்றினும் அடிப்படையில் அறவியலைச் சார்ந்தவை. ஒரு சிறிய படத்தை முன்வைத்து இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்படம் எங்கள் வீட்டில் இருக்கின்றது. தொண்டைமானாற்று முகத்துவாரத்தைக் காட்டும் நீர்வர்ணச் சித்திரம் அது. வடமராட்சியிலே பழைய சாமான்கள் விற்கும் கடையொன்றில் என் மாமா அதனை வாங்கினார். கடைக்காரர் விலை கூறியது மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்குமே. உள்ளிருந்த படத்துக்கு விலை இல்லை. வேண்டுமாயின் படத்தை எடுத்தெறிந்துவிட்டு வேறு படம் போட்டுக்கொள்ளலாம் என்றும் அவர் கூறினாராம்.

படத்தை வரைந்தவர் தேர்ந்த ஓவியர் அல்லர் என்பது பார்த்த அளவிலே தெரியும். வள்ளத்தின் நிழல் வள்ளத்தோடு பொருந்தவில்லை. வானத்தை ஈரங்காயுமுன் மீண்டும் மீண்டும் தேய்த்தமையால் தாள் மயிர்த்துப் போயிருக்கின்றது. பனைகள் மூன்றும் ஒரே பனையின் பிரதிகள் போல நிற்கின்றன. ஆயினும் ஏரி நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தை மட்டும் அவர் மிகுந்த கவனத்தோடு வரைந்துள்ளார். மங்கிய மண்ணிறமும் பச்சை கலந்த நீலமும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் ஒரு கோட்டிலே நிற்கின்றன. அக்கோடு நேராக இல்லை. நீரோட்டத்தின் போக்குக்கேற்ப வளைந்து செல்கின்றது. அவ்விடத்தில் பல மாலைகள் சென்றிருந்து பார்த்த ஒருவரால் மாத்திரமே அதனை அவ்வாறு வரைந்திருத்தல் கூடும். தொண்டைமானாறு என்றதும் எவரும் வரைவது ஆற்றங்கரையிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலையே. இவரோ கோயிலை விடுத்து நீரை வரைந்திருக்கின்றார். கை பழகாதது; கண் பழகியது. படத்தை எறிந்துவிட எங்களுக்கு மனம் வராமைக்கு இதுவே காரணமாயிற்று.

பெயர் தெரியாத படமொன்று தன்னைப்பற்றித் தானே கூறக்கூடியது எவ்வளவு என்பதும் கவனிக்கத்தக்கது. சட்டத்தின் பின்புறம் அட்டைக்கும் படத்துக்கும் இடையிலே ஈழநாடு பத்திரிகையின் கிழிந்த தாளொன்று வைக்கப்பட்டிருந்தது. திகதியுள்ள பகுதி கிழிந்துபோய்விட்டது. அப்பத்திரிகை யாழ்ப்பாணத்திலிருந்து 1959ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. எனவே படம் சட்டமிடப்பட்டது அவ்வாண்டுக்கு முன்னராக இருத்தல் இயலாது. ஆனால் இச்சான்று சட்டமிட்ட காலத்துக்குரியதேயன்றி வரைந்த காலத்துக்குரியதன்று. பழைய பத்திரிகைத் தாளைப் பல ஆண்டுகள் கழித்தும் பயன்படுத்தியிருத்தல் கூடும். படத்தின் வலக்கோடியிலே பென்சிலால் எழுதிய ஓர் எழுத்து இருக்கின்றது. அது முதலெழுத்தா, பெயரின் தொடக்கமா என்பது தெளிவில்லை. தாள் பாடசாலைகளில் சித்திரப் பாடத்துக்குப் பயன்பட்ட வகையைச் சேர்ந்தது. இவை யாவும் சேர்ந்து ஒரு பெயரைத் தரவில்லை. ஆனால் எங்கே சென்று விசாரிக்கவேண்டும் என்பதைக் காட்டின. தேடல் எங்ஙனம் முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன். தேடவேண்டுமா என்ற வினாவே முதலில் விடை வேண்டி நிற்கின்றது.

தேடவேண்டியதில்லை என்பார் இரு திறத்தினர். படைப்பே போதும், படைத்தவன் பெயர் வேண்டியதில்லை என்பார் ஒரு திறத்தார். பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலண்ட் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்த நாள்முதல் இக்கருத்துக்குப் பல்கலைக்கழகங்களிலே நல்ல மதிப்புண்டு. அவருக்கு நெடுங்காலம் முன்பே, நம் நாட்டிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி வேறொரு நோக்கிலே இதையொத்த முடிவுக்கு வந்திருந்தார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்ட அவர், மரபுவழிக் கலைஞன் தன் பெயரைப் பொறிக்காமை குறையன்று, தன்முனைப்பிலிருந்து விடுபட விழைந்த ஒரு பண்பாட்டின் இயல்பே அது என்று கருதினார்.

இக்கருத்தின் உயர்வை மறுப்பதற்கில்லை. ஆனால் பெயரின்மை யாவும் ஒரே வகையினது அன்று. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுக்கள் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும் அவர்கள் வாழ்ந்த தெருவையும் வீட்டையும் குறிப்பிடுகின்றன. குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே உண்டு. அக்கோயிலின் உட்சுற்றிலே, பிற்கால ஓவியப் படையின் கீழ் மறைந்து கிடந்த சோழர்கால ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றை வரைந்தவருள் ஒருவர் பெயரேனும் நமக்குக் கிடைக்கவில்லை. தன்முனைப்பை வெறுத்த பண்பாடு எனின் ஆடியவரையும் கட்டியவரையும் கல்லிற் பொறித்ததேன்? பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தது. அது எவரெவரைத் தழுவியது என்பதே வேறுபட்டது.

சிகிரியாவின் நிலை இன்னும் வியப்பானது. காசியப்பன் (477-495) காலத்துக் குன்றோவியங்களைக் காணச் சென்றோர் பல நூற்றாண்டுகளாக அங்குள்ள பளிங்குச் சுவரிலே பாடல்களைக் கீறி வைத்தனர். செனரத் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956இல் பதிப்பித்தார். பார்த்தவர் பலர் தம் பெயரையும் ஊரையும் அங்கே எழுதிச் சென்றுள்ளனர். வரைந்தவர் பெயர் மட்டும் இல்லை. பார்வையாளனின் பெயர் ஆயிரம் ஆண்டு நிலைத்து, ஓவியனின் பெயர் ஒரு நாளும் எழுதப்படாது போன சுவர் அது. இதனைத் துறவு மனப்பான்மை என்று கொள்வதா, எழுதும் வாய்ப்பு எவருக்கு வாய்த்தது என்ற சமூக உண்மையாகக் கொள்வதா என்பது சிந்தனைக்குரியது.

மேலும், குமாரசுவாமி பேசிய கலைஞன் ஒரு மரபின் உறுப்பினன். அவனுக்குக் குலமும் குருவும் தொழிற்கூட்டமும் உண்டு. அவன் பெயர் மறைந்தாலும் அவன் மரபு அவனுக்குச் சான்றாக நிற்கும். தொண்டைமானாற்று நீரை வரைந்தவருக்கு அத்தகைய மரபு இல்லை. யாழ்ப்பாணத்து நவீன ஓவியம் பாடசாலைச் சித்திர வகுப்புகளிலிருந்தும் ஆசிரியர்களின் ஓய்வு நேரத்திலிருந்தும் வளர்ந்தது. எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவியபோது அதனைச் சூழ்ந்தவர்கள் பெரும்பாலும் சித்திர ஆசிரியர்களே. அக்கழகம் தாங்கிய பெயரும் கல்வித் திணைக்களத்திலே சித்திரப் பாடத்தின் தலைமைப் பரிசோதகராயிருந்த வின்சருடையது. பின்னர் குருநகரைச் சேர்ந்த ஓவியர் அ. மாற்கு (1933-2000) நெடுங்காலம் மாணவரைப் பயிற்றினார். இத்தகைய சூழலிலே சித்திரம் கற்றவருட் பெரும்பாலோர் ஓவியராகவில்லை. எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கடைக்காரராகவும் ஆயினர். அவர்கள் வரைந்த இரண்டொரு படங்களே அவர்களின் முழு ஓவிய வாழ்வு. மரபு அவர்களை நினைவில் வைத்திராது. அவர்களின் பெயர் அப்படத்தோடு நின்றால் உண்டு, நீங்கினால் இல்லை.

தேடவேண்டாம் என்பாருள் இரண்டாந் திறத்தார் கூறுவது வேறு. பயிலுநர் ஒருவரின் குறையுள்ள படத்துக்கு இத்தனை பாடு எதற்கு என்பது அவர் கேள்வி. இக்கேள்வியில் ஓர் எண்ணம் மறைந்திருக்கின்றது. பெயரைத் தேடுவது மதிப்பை உயர்த்துவதற்கே என்பது அது. ஓவியச் சந்தையின் நடைமுறை அதுதான். புகழ்பெற்றவர் வரைந்தது என்று நிறுவப்பட்ட படம் ஒரே நாளில் பன்மடங்கு விலை பெறுகின்றது. நிறுவப்படாத அதே படம், ஒரு கோடும் மாறாதிருக்க, சுவரிலிருந்து இறக்கப்படுகின்றது. அங்கே தேடப்படுவது மனிதன் அல்லன், முத்திரை. நம் படத்தை வரைந்தவர் பெயர் தெரியவந்தாலும் அதன் விலை ஒரு ரூபாயும் கூடாது. ஆதலால் இத்தேடலுக்கு இலாபம் காரணமாக இருத்தல் இயலாது. இலாபம் நீங்கிய பின்னும் தேடவேண்டும் என்னும் உணர்வு எஞ்சி நிற்குமாயின், அதற்கு வேறொரு காரணம் இருத்தல் வேண்டும்.

நன்றியறிதலே அக்காரணம் என்று சிலர் கூறக்கூடும். படம் நமக்கு மகிழ்ச்சி தந்தது. தந்தவரை அறிதல் முறை என்பது அவர் கருத்து. இது பொருத்தமான விடையே எனினும் போதிய விடையன்று. நாள்தோறும் நாம் உண்ணும் சோற்றுக்கு உரியவரையும் நாம் அறியோம். அவரைத் தேடிச் செல்வதுமில்லை. நன்றி மட்டுமே காரணமெனின் எல்லாப் பொருளின் பின்னும் நாம் அலையவேண்டியிருக்கும்.

என் கருத்தில் உண்மையான காரணம் அப்பொருள் நம் கைக்கு வந்த வழியிலே இருக்கின்றது. வேறு நாடுகளிலே பழைய பொருள் கடைக்கு வருவது பெரும்பாலும் வீடு மாறுவதாலும் முதியவர் இறப்பதாலுமாகும். விற்பவர் மனமிசைந்து விற்கின்றார். யாழ்ப்பாணத்தின் அண்மைக்கால வரலாறு வேறு. 1987ஆம் ஆண்டு இராணுவ நடவடிக்கையின்போது வடமராட்சி மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். தொண்டைமானாற்றுக்கு மேற்கேயுள்ள பலாலி, மயிலிட்டி முதலிய ஊர்களின் மக்கள் 1990இல் வெளியேறிப் பல்லாண்டுகள் திரும்ப இயலாதிருந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தின் இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரு நாள்களில் ஊரைவிட்டு நீங்கினர். அவ்வேளையில் எவரும் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு புறப்படவில்லை. அரிசியையும் பிள்ளைகளையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டே புறப்பட்டனர். ஓவியர் மாற்குவின் படைப்புகளே பல அந்த இடப்பெயர்விற் போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவக்கூடிய மலர்களும் ஏடுகளும் அத்தகைய அழிவுகளிலே மறைந்தன.

ஆகவே இம்மண்ணிலே பழைய சாமான் கடையில் கிடைக்கும் ஒரு படம் விற்கப்பட்டதாகவும் இருக்கலாம், விடப்பட்டதாகவும் இருக்கலாம். எங்கள் படத்தைப்பற்றிக் கடைக்காரர் கூறியது, ஆளில்லாத வீடொன்றைத் துப்புரவாக்கியபோது வந்த சாமான்களோடு அது வந்தது என்பதே. மாமா அதற்குப் பணம் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் அப்பணம் வரைந்தவரையோ அவர் வீட்டாரையோ சென்றடையவில்லை. அத்தகைய பொருள் சட்டப்படி உடைமையாகலாம். அறத்தின்படி அது அடைக்கலம்.

அடைக்கலம் என்னும் சொல்லை இங்கே ஆராய்ந்தே கையாள்கின்றேன். சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கும் பகுதியை நாம் அறிவோம். அடைக்கலம் பெற்றவருக்கு இரு கடன்கள் உள. ஒன்று, அதற்கு உரியவர் உளர் என்பதை மறவாதிருத்தல். மற்றொன்று, அதனைத் தீங்கு அணுகாமற் காத்தல். உடைமையாளன் தன் பொருளின் பழைய வரலாற்றைக் கேளாதிருக்கலாம். அடைக்கலம் பெற்றவன் அவ்வாறு இருத்தல் இயலாது. இவ்வாறு நோக்குமிடத்து, ஓவியரைத் தேடுவது ஆர்வத்தின் செயலாகவோ ஆராய்ச்சியின் பெருமையாகவோ இல்லாமல், கைவிட்டுப் போன பொருளை வைத்திருப்பவனின் எளிய கடமையாகின்றது. அதே கருத்து அத்தேடலுக்கு ஓர் எல்லையையும் வகுக்கின்றது. உரியவரைக் காக்கவேண்டியவன் உரியவருக்கே தீங்கு செய்தல் ஆகாது.

அவ்வெல்லையைத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு வரலாறு. சிக்காகோ நகரிலே பிள்ளை பராமரிக்கும் தொழில் செய்து வாழ்ந்த விவியன் மேயர் (1926-2009) என்னும் பெண்மணி வாழ்நாள் முழுவதும் தெருக்காட்சிகளைப் புகைப்படமெடுத்தார். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்களை அவர் விட்டுச் சென்றார்; அவற்றுட் பெரும்பாலானவற்றை எவருக்கும் காட்டவில்லை. வாடகை கட்டாத களஞ்சிய அறையிலிருந்த அவர் பொருள்கள் 2007இல் ஏலத்தில் விற்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதியை வாங்கிய ஜோன் மலூஃவ் என்னும் இளைஞர் எடுத்தவரைத் தேடினார். 2009இல் அவர் கண்டது, சில நாள்களுக்கு முன்னரே மேயர் இறந்துவிட்டார் என்ற மரண அறிவித்தலையே. அதன்பின் கண்காட்சிகள், நூல்கள், திரைப்படம், பதிப்புரிமை வழக்குகள் எனப் புகழ் பெருகியது. இத்தேடல் இல்லாதிருப்பின் உலகம் ஒரு பெருங்கலைஞரை இழந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் தன் அறைக் கதவைப் பூட்டி வாழ்ந்த ஒருவரின் அறையை உலகத்துக்குத் திறந்துவிட்டோம் என்பதிலும் ஐயமில்லை. அவர் விரும்பியிருப்பாரா என்று கேட்க எவரும் அவருடைய காலத்திற் சென்று சேரவில்லை.

அறிதல் வேறு, அறிவித்தல் வேறு என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய வேறுபாடு. தேடுவோர் பலர் இவ்விரண்டையும் ஒரே செயலின் இரு பகுதிகளாக எண்ணுகின்றனர். கண்டுபிடித்தவுடன் வெளியிடும் உரிமையும் தமக்கு வந்துவிட்டதாகக் கொள்கின்றனர். நம் நாட்டுச் சட்டங்கூட இதனிலும் நுட்பமாகச் சிந்தித்திருக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் பெயர் படைப்பிலே குறிக்கப்படவேண்டும் என்று கோரும் உரிமையைப் படைப்பாளிக்கு வழங்குகின்றது. புனைபெயர் பூணவும் தன் பெயர் குறிக்கப்படாதிருக்கவுமான உரிமையையும் உடன் வழங்குகின்றது. பெயரும் அவருடையது, பெயரின்மையும் அவருடையது.

எங்கள் தேடல் சென்று நின்ற இடத்தை இப்பொழுது கூறலாம். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் படத்தைப் பார்த்து, அது மாணவரை வெளியே அழைத்துச் சென்று வரையச் செய்யும் பயிற்சியிலிருந்து பிறந்திருக்கலாம் என்றார். அந்த எழுத்தையும் அந்த நீரையும் கண்டு, தம்மிடம் கற்ற ஒருவரை நினைவுகூர்ந்தார். அவர் காட்டிய வழியிலே சென்று வயது முதிர்ந்த அம்மா ஒருவரைக் கண்டோம். படம் தம் தமையனுடையதாக இருக்கலாம் என்றார். உறுதியாகக் கூற அவரால் இயலவில்லை. தமையன் யுத்த காலத்திலே காணாமற்போனவர். அவர் பெயரை அக்குடும்பம் ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருக்கின்றது. படத்தைத் திருப்பித் தருவதாக மாமா கூறியபோது அவர் மறுத்தார். "பேர் எழுதி எழுதிக் களைச்சுப் போனம், தம்பி. படம் உங்களிட்டையே இருக்கட்டும். பேரை மட்டும் எழுதிப்போடாதேங்கோ" என்றார். படத்தைப் புகைப்படமெடுத்து ஒரு பிரதி தந்தாற் போதும் என்று கேட்டார்; கொடுத்தோம்.

பெயர் வெளிவராமையால் அத்தேடல் வீணாயிற்று என்று கூறலாமா? தேடலின் நோக்கம் வெளியீடு எனின் வீணே. ஆனால் அடைக்கலத்தின் நோக்கம் உரியவரிடம் சென்று கேட்பது எனின் அது நிறைவேறியது. அவர் படத்தை ஏற்கவில்லை. ஏற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பைப் பெற்றார். வீட்டை இழந்தபோதும் சாமான்களை இழந்தபோதும் அவ்வாய்ப்பு எவருக்கும் வழங்கப்படவில்லை. எவ்வளவு தாமதமாயினும், எத்துணைச் சிறு பொருளிலாயினும் அதனை வழங்குவதே இத்தகைய தேடலின் பயன். அவர் வேண்டாம் என்றதனால் பெயரை நாங்கள் எழுதவில்லை. உறுதியில்லாத ஒன்றை உறுதியானதுபோல எழுதாதிருக்கவும் அதுவே காரணமாயிற்று. பெயரற்ற படத்தினும் பிழையான பெயர் தாங்கிய படம் கொடியது. அது இருவருக்கு அநீதி செய்கின்றது. வரையாதவருக்கு வரைந்த பெருமையை ஏற்றி, வரைந்தவரை இரண்டாம் முறையும் மறைத்துவிடுகின்றது.

பெயர் கிடைக்காதபோதும், கிடைத்தும் சொல்லலாகாதபோதும் நாம் செய்யக்கூடியது என்ன? இதற்கான விடையைத் தமிழ் மரபு நெடுங்காலம் முன்பே கண்டிருக்கின்றது. குறுந்தொகையைத் தொகுத்த சான்றோர்க்குப் பாடல் கிடைத்துப் பாடியவர் பெயர் கிடைக்காத இடங்கள் பல இருந்தன. அங்கெல்லாம் பாடலிலே வந்த ஒரு தொடரைக்கொண்டே புலவருக்குப் பெயரிட்டனர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார் என்பன அவ்வாறு வந்த பெயர்கள். ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர்களும் பெயரறியா ஓவியர்களை அவர்கள் வரைந்த படத்தின் பெயரால் வழங்குவதுண்டு. நம் தொகுப்பாசிரியர்கள் அதனைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டனர்.

இவ்வழக்கிலே அடங்கிய நேர்மை எண்ணிப் பார்க்கத்தக்கது. தொகுத்தவர் விரும்பியிருப்பின் புகழ்பெற்ற புலவர் ஒருவரின் பெயரை அப்பாடலுக்குச் சூட்டியிருக்கலாம். பாடலின் மதிப்பும் உயர்ந்திருக்கும். அல்லது இடத்தை வெறுமையாக விட்டிருக்கலாம். ஆசிரியர் பெயரின்றி நின்ற பாடல்களும் அத்தொகையில் உள்ளன. அவர்கள் இயன்ற இடங்களில் மூன்றாவது வழியைக் கொண்டனர். அறிந்ததற்கு மேற் சொல்லவில்லை. அறிந்ததைச் சொல்லாமலும் விடவில்லை. "இங்கு ஒருவர் இருந்தார், அவரைப்பற்றி நாம் அறிந்தது இச்சொற்றொடர் ஒன்றே" என்பதே அப்பெயர்களின் பொருள். பெயரின் ஈற்றிலே மரியாதை விகுதியைச் சேர்க்கவும் அவர்கள் மறக்கவில்லை. எவரென்று தெரியாதவரை "ஆர்" என்று விளித்த அப்பண்பு, புகழுக்காக அன்றி மனிதருக்காகவே மதிப்பளித்த பண்பாகும். அவ்வழியைப் பின்பற்றி எங்கள் வீட்டுப் படத்தின் பின்புறத்தில் "இருநிற நீரார்" என்று எழுதியிருக்கின்றோம். அதன்கீழ், படம் எங்கே எப்போது கிடைத்தது என்பதையும், பின்னாலிருந்த பத்திரிகைத் தாளைப்பற்றிய குறிப்பையும் எழுதி, அத்தாளையும் உறையிலிட்டு ஒட்டியுள்ளோம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று கடன்கள் புலனாகின்றன. பெயரிழந்த பொருளை வைத்திருப்பவர் உரியவரைத் தேடிக் கேட்கவேண்டும். கண்டபின் உரியவரின் விருப்பத்துக்கேற்பவே பேசவோ மௌனம் காக்கவோ வேண்டும். காணவியலாதபோது பொய்ப்பெயர் சூட்டாது, அறிந்தவற்றை மட்டும் அப்பொருளோடு சேர்த்து அடுத்தவருக்குக் கையளிக்கவேண்டும். இம்மூன்றும் பெரும் பணமோ பெரும் புலமையோ வேண்டுவன அல்ல. பழைய படமொன்றைச் சட்டம் மாற்றும்போது பின்னாலுள்ள தாளை எறியாதிருத்தலும், வீட்டுப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே "இதனை வரைந்தவர் யார்?" என்று கேட்டு எழுதி வைத்தலும் எவராலும் இயலும்.

பல்கலைக்கழகத்திலே கலை பயிலும் நாம் பெரும்பாலும் பெயர் பெற்றவர்களைப்பற்றியே எழுதுகின்றோம். அவர்களைப்பற்றி எழுத நூல்கள் உள, மேற்கோள்கள் உள, தேர்வு வினாக்களும் உள. ஆனால் நம் ஊர்களின் சுவர்களிலும் பெட்டிகளிலும் பெயர் பெறாத கைகளின் ஆக்கங்கள் இன்னும் எஞ்சிக் கிடக்கின்றன. அவற்றை அறிந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றனர். ஒவ்வொரு மாணவரும் விடுமுறையிலே தம் ஊரிலுள்ள அத்தகைய ஒரு பொருளைக் குறித்து, அதனைச் செய்தவரையோ அவர் உறவினரையோ கண்டு, அவர் இசைவு பெற்று, ஒரு பக்கம் எழுதி வருவாராயின், சில ஆண்டுகளில் எந்த நூலகத்திலும் கிடைக்காத ஓர் ஏடு நம் கையில் இருக்கும். அந்த ஏட்டிலே சில பக்கங்களில் பெயர் இருக்கும். சில பக்கங்களில் உரியவர் வேண்டியபடி பெயர் இராது. இரு வகைப் பக்கங்களுக்கும் அதில் இடமிருத்தல் வேண்டும்.